நிலத்தை வாங்குமுன் நீரின் வழியைப் பாருங்கள்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. மனை வாங்கப் போகும்போது என்னென்ன காகிதங்களைப் பார்க்கிறீர்கள்? தாய்ப்பத்திரம் பார்க்கிறீர்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறீர்கள். பட்டா, சிட்டா, லே-அவுட்டுக்கு அப்ரூவல்... எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து, அவர் 'சரி' என்ற பிறகே அட்வான்ஸ் கொடுக்கிறீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் இத்தனை காகிதங்களும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: இந்த நிலம் யாருடையது?

அடைமழை பெய்தால் இந்த இடத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வரும்? எத்தனை ஊர்த் தண்ணீர் வரும்? வந்த தண்ணீர் எந்த வழியாக வெளியேறும்? இந்தக் கேள்விகளுக்குப் பத்திரத்தில் பதில் இல்லை. பட்டாவிலும் இல்லை. பதில் சொல்கிற காகிதம் வேறொன்று இருக்கிறது. நம்மில் நூற்றில் ஒருவர்கூட அதை விரித்துப் பார்த்திருக்க மாட்டோம்.

சர்வே ஆஃப் இந்தியா என்ற மத்திய அரசின் நில அளவைத் துறை 1767-இல் தொடங்கப்பட்டது. அது வெளியிடும் நிலத்தோற்ற வரைபடத்தைத்தான் சொல்கிறேன். 'டோப்போ ஷீட்' என்பார்கள். நாடு முழுவதையும் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு எண். தரையில் 1 கிலோமீட்டர் என்பது தாளில் 2 சென்டிமீட்டர். ஒரு தாளில் நீளவாக்கில் சுமார் 27 கிலோமீட்டர், அகலவாக்கில் சுமார் 27 கிலோமீட்டர் அடங்கிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். பழைய வரிசையில் அதன் எண் 66 டி/1. சென்னையின் தெற்குப் புறத்தின் பெரும்பகுதி அதில் இருக்கிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், தாம்பரம், முடிச்சூர்... இன்று இந்தப் பெயர்களைக் கேட்டால் உங்களுக்கு அடுக்குமாடிகளும் ஐ.டி. கம்பெனிகளும் ஷோரூம்களும்தான் நினைவுக்கு வரும். பழைய பதிப்பைப் பாருங்கள்! வயல், ஏரி, ஓடை, சதுப்பு, நடுநடுவே சிறு சிறு கிராமங்கள். அவ்வளவுதான்.

வண்ணங்கள் சொல்லும் செய்தி

இந்தத் தாளைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மஞ்சள் என்றால் பயிர் செய்யும் நிலம். பச்சை என்றால் காடு, மரம். சிவப்பு என்றால் குடியிருப்பும் சாலையும். பழுப்பு நிறத்தில் மெல்லிய வளைகோடுகள் இருந்தால் அவை உயரத்தைக் காட்டும் கோடுகள். ஒரே கோட்டின் மேல் உள்ள இடங்களெல்லாம் கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரம். நீலம் என்றால் தண்ணீர்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. நீலம் என்பது ஆண்டு முழுவதும் நீர் நிற்கிற அல்லது ஓடுகிற இடம். மழைக்காலத்தில் மட்டும் ஓடிவிட்டு, பிறகு வறண்டு கிடக்கும் ஓடைகளைக் கறுப்புக் கோட்டால்தான் போட்டிருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவர் அதை ஒற்றையடிப் பாதை என்று நினைத்துக் கடந்துவிடுவார். நம் ஊர் ஓடைகளில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கறுப்புக் கோடுகள்தான்! பத்து மாதம் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். புரோக்கர் அங்கே வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்துக் காட்டுவார். அவர் உங்களை அழைத்துப் போவதும் ஏப்ரல், மே மாதமாகத்தான் இருக்கும். நவம்பரில் அழைத்துப் போகமாட்டார்.

அடுத்தது ஏரி. ஏரியின் வடிவத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தடித்த கோடாகக் கரை போட்டிருக்கும். மற்ற பக்கங்களில் கரை இருக்காது. ஏன்? நம் முன்னோர் ஏரி வெட்டிய முறையே அதுதான். சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை போட்டு, மேலிருந்து வரும் நீரைத் தடுத்து நிறுத்தினார்கள். ஆகவே கரை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் நிலம் தாழ்கிறது. உயரக் கோடு ஒன்றுகூட இல்லாத இடத்திலும் ஏரிக்கரையைப் பார்த்தே சரிவைச் சொல்லிவிடலாம். கரைக்குக் கீழே மஞ்சளாக இருப்பது அந்த ஏரியின் பாசன வயல். கரையின் ஓரத்திலிருந்து புறப்படும் கோடு கலங்கலில் வழியும் உபரி நீரின் பாதை. அந்தப் பாதையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். அது அடுத்த ஏரியில் போய்ச் சேரும். அதன் உபரி அதற்கடுத்த ஏரிக்கு...

66 டி/1 தாளில் அப்படி விரலை நகர்த்தினால் பல ஏரிகளின் பாதை கடைசியில் ஒரே இடத்தில் போய் முடிகிறது. பள்ளிக்கரணை! சிறு சிறு புல் கற்றைகள் போன்ற நீலக் குறிகளால் நிரப்பியிருப்பார்கள். சதுப்பு நிலம் என்று அர்த்தம். நம் மக்கள் அதைக் கழுவெளி என்றார்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை அங்கேதான் வந்து சேர வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற ஒரே வாசல் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும்.

எவ்வளவு சரிவு இருக்கிறது தெரியுமா? தாம்பரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர் உயரம். பள்ளிக்கரணை சுமார் 5 மீட்டர். இடையில் பத்துக் கிலோமீட்டர் தூரம். இத்தகைய தாள்களில் வழக்கமாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடுதான் போடுவார்கள். ஆக, தாம்பரத்திலிருந்து சதுப்பு வரை ஒரே ஒரு பழுப்புக் கோட்டைத்தான் நீங்கள் கடப்பீர்கள். அதற்குக் கிழக்கே கடல் வரை கோடே கிடையாது. 'கோடு இல்லை, ஆகவே ஆபத்து இல்லை' என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கோடு இல்லாத இடத்தில் தண்ணீர் ஓடாது, நிற்கும்.

ஏழரை மைல் சங்கிலி

இந்தச் சமவெளிக்கு ஒரு சரித்திரம் உண்டு. சொல்லாமல் போக மனமில்லை.

இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும்பணியை வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கினார். அதற்கு முதலில் ஒரு நேர்கோட்டைத் துல்லியமாக அளந்தாக வேண்டும். அதற்கு மேடு பள்ளமில்லாத தட்டையான நிலம் வேண்டும். அவர் எங்கே தேர்ந்தெடுத்தார்? பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை! 1802 ஏப்ரல் 10 அன்று ஆரம்பித்து, நூறடி எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு தடவை நீட்டி வைத்து, சுமார் ஏழரை மைல் தூரத்தை 57 நாட்களில் அளந்து முடித்தார்கள். இமயமலை வரை சென்ற அளவைக்கு அந்தக் கோடுதான் முதல் கோடு.

கோடை காலத்தில் அளந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சங்கிலி போடுவதற்கு வசதியான அதே தட்டை நிலம்தான், 2015-லும் 2023-லும் டிசம்பர் மாதத்தில் தண்ணீருக்குள் கிடந்தது.

அந்த நில அளவைத் துறையில் நம்மவர் ஒருவரும் இருந்தார். சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். ஆற்காட்டைச் சேர்ந்தவர். சென்னையில் ஒரு நகை வியாபாரியிடம் வேலை பார்த்தவர். அவருடைய கைத்திறமை சர்வேயர் ஜெனரலாக இருந்த பிளாக்கரின் கண்ணில் பட்டு, கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். ஜார்ஜ் எவரெஸ்டின் காலத்தில், பாரோ என்ற ஆங்கிலேய நிபுணர் பார்த்துவந்த நில அளவைக் கருவிகளின் பொறுப்பு 1840-களில் இவர் கைக்கு வந்தது. எவரெஸ்ட் என்ற பெயர் மலைச் சிகரத்தில் இருக்கிறது. ஆற்காட்டுக்காரரின் பெயர் ஆற்காட்டிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

சதுப்பு எங்கே போனது?

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பிறகு சாலை வந்தது, ரயில் வந்தது, நிறுவனங்கள் வந்தன, பெருங்குடிக் குப்பைமேடு வந்தது. சதுப்பு என்றாலே வீணாகக் கிடக்கும் நிலம் என்ற நினைப்பு அரசுக்கும் இருந்தது, மக்களுக்கும் இருந்தது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேர் பரப்பு, சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மீதமிருப்பதைக் காப்பாற்ற அது உதவும். ஏற்கெனவே கட்டிடமாகிவிட்ட பகுதியில் விழும் மழை என்ன செய்யும்? பழைய தாளில் உள்ள பாதையைத் தேடித்தான் வரும்.

இது தென்சென்னைக்கு மட்டும் உரிய கதை என்று எண்ணாதீர்கள். நம் வியாபாரிகள் பலர் கடை வைத்திருக்கும் தியாகராய நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராக இருந்த சர் முஹம்மது உஸ்மான் பெயரில் உஸ்மான் சாலை இருக்கிறதே, அந்தப் பகுதியெல்லாம் 1920-களில் மாம்பலம் பெரிய ஏரியை வடித்து உருவாக்கியது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஏரிக்கரைச் சாலை இருக்கிறது. ஏரிதான் இல்லை.

முடிச்சூர், வரதராஜபுரம் விஷயத்துக்கு வருகிறேன். இது முக்கியம். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரில் வீடுகள் மூழ்கின. அன்று பலர் ஒரே குரலில் சொன்னது என்ன? 'செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால்தான் எல்லாம்' என்று. சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அது பொருந்தும். தாளை விரித்துப் பாருங்கள்! செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கும் மேலே, ஆறு பிறந்து வரும் வழியில் இருக்கிறது. அங்கே வந்த வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூரில் தண்ணீர் புகுந்தது. காரணத்தைத் தவறாகப் பிடித்தால், நாம் கேட்கும் கோரிக்கையும் தவறாகிவிடும். அணைக்கட்டு அதிகாரியைத் திட்டிவிட்டு, மேலே உள்ள ஓடை தூர்ந்து கிடப்பதைக் கேட்காமல் விட்டுவிடுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015-க்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டிருந்த ஏழைகளை, 'வெள்ள அபாயம்' என்று காரணம் சொல்லி அப்புறப்படுத்தினார்கள். எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பெரும்பாக்கத்தில்! தாளில் சதுப்பின் விளிம்பில் இருக்கும் அதே பெரும்பாக்கத்தில்! ஆற்றோர வெள்ளத்திலிருந்து காப்பாற்றி, கழுவெளி வெள்ளத்தில் விட்டார்கள். நாமாவது காசு கொடுக்குமுன் தாளைப் பார்த்து முடிவு செய்யலாம். அந்த மக்களுக்கு அந்த வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. திட்டம் போட்ட மேசையில் இந்த வரைபடம் இருந்திருக்கும். பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

வணிகர்களுக்கு...

நம் சகோதரர்களில் பலர் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு வளைகுடாவில் வெயிலில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஊருக்கு வந்து வாங்குவது ஒரே ஒரு மனை. மகளின் கல்யாணத்துக்கு உதவும் என்று வாங்குகிறார்கள். சுற்றுப்புறத்தைவிட விலை குறைவாக இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறார்கள். ஏன் குறைவு என்று கேட்பதில்லை. துணிக்கடை, மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் குடோனை வாடகைக்கு எடுக்கும்போது லாரி வந்து திரும்ப இடமிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தரைத்தளத்தில் இரண்டடித் தண்ணீர் ஒரே ஒரு இரவு நின்றால், அடுக்கின் கீழ்வரிசை மூட்டைகள் என்னவாகும் என்று கணக்குப் போடுவதில்லை.

இந்தத் தாள் உங்கள் மனையைக் காட்டாது. அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். அறுபதடி நீள மனை அதில் ஊசி குத்திய அளவுக்குக்கூட வராது. இது காட்டுவது வட்டாரத்தை. எந்த ஏரிக்குக் கீழே இருக்கிறீர்கள், எந்த ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதை. வட்டாரத்தில் சந்தேகம் வந்துவிட்டால் அடுத்த படியாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டையும், புலப்படத்தையும் பாருங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டும் பார்த்தால் போதாது. நான்கு பக்கமும் உள்ள சர்வே எண்களுக்கும் பாருங்கள். பக்கத்து எண்ணில் 'ஓடை', 'வாய்க்கால்', 'ஏரி உள்வாய்', 'கழுவெளி' என்று ஏதாவது ஒரு சொல் இருந்தால், உங்கள் பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நிதானியுங்கள். ஏரிப் புறம்போக்கு ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கென்றே 2007-இல் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. கட்டிய பிறகு நோட்டீஸ் வந்தால், விற்றவர் உங்களுக்காக வந்து நிற்கமாட்டார்.

தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் உள்ள பகுதிகளின் வரைபடம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தது. நாட்டின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். அதாவது, வெள்ளம் அதிகம் வருகிற கடலோர மக்களுக்குத்தான் வரைபடம் இல்லை! 2005-இல் தேசிய வரைபடக் கொள்கை வந்து பொதுமக்களுக்கென்று தனி வரிசை வெளியிட வழி செய்தது. 2017-இல் இணையம் வழியாக இலவசமாகப் பெறும் ஏற்பாடும் வந்தது. புதிய வரிசையில் எண்முறை வேறு. பழைய தாள்களை நூலகங்களிலும், பல்கலைக்கழகப் புவியியல் துறைகளிலும் கேட்டுப் பாருங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் முழுப் பயன் இருக்கிறது. பழையதில் மஞ்சளாக, நீலக் குறியாக இருந்த இடம் புதியதில் சிவப்பாகியிருந்தால் அங்கே உங்கள் விரல் நிற்கட்டும். ஒரு நுட்பம்: செல்போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே பழைய தாளில் குறித்தால் நூறு, இருநூறு மீட்டர் தள்ளிப் போகும். பழைய தாள்கள் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே கோயில், பள்ளிவாசல், ஏரிக்கரை முனை, ரயில் பாதை போன்ற மாறாத அடையாளங்களை வைத்து இடத்தைப் பிடியுங்கள்.

இளைஞர்களுக்கு...

2015-இல் நீங்கள் செய்த பணியை ஊரே பார்த்தது. பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லா மக்களுக்கும் திறந்தன. கழுத்தளவுத் தண்ணீரில் முதியவர்களைத் தோளில் தூக்கி வந்தீர்கள். சாப்பாட்டுப் பொட்டலம், பால், பாய் என்று இரவு பகல் பாராமல் ஓடினீர்கள். அல்லாஹ் அதற்கான கூலியைத் தருவான். ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? யார் போன் செய்தார்களோ அங்கே போனீர்கள். போன் செய்ய முடியாதவர் எங்கே இருந்தார் என்று எப்படித் தெரியும்? சார்ஜ் தீர்ந்த செல்போன்களுக்கும், தனியாக இருந்த கிழவிகளுக்கும் யார் போனார்கள்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் ஒவ்வொரு பகுதியிலும் நான்கு பேர் ஒரு தாளோடு உட்காருங்கள். உங்கள் பகுதிக்கு மேலே உள்ள ஏரி எது, அதன் கலங்கல் எந்தப் பக்கம், உபரி நீர் எந்தத் தெருக்கள் வழியாக வரும் என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கோட்டின் வழியே நடந்து போங்கள். எங்கே கல்வெர்ட் அடைத்திருக்கிறது, எங்கே வாய்க்காலின் மேல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், எங்கே கட்டிட இடிபாடு கொட்டியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். வார்டு கவுன்சிலரிடமும் நீர்வளத் துறையிடமும் மனு கொடுக்கும்போது 'எங்கள் பகுதியில் தண்ணீர் தேங்குகிறது' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் அது கோப்புக்குள் போய்விடும். 'இந்த ஏரியிலிருந்து வரும் இந்த வாய்க்கால், இந்தச் சர்வே எண்ணில், இத்தனை அடி அடைபட்டிருக்கிறது' என்று எழுதி, வரைபட நகலையும் வைத்தால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். வாய்க்காலை அடைத்தவர் நம் சமுதாயத்தவராகவே இருந்தாலும் மனுவில் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

நடந்து வரும்போது இன்னும் இரண்டு விஷயங்களைக் குறியுங்கள். தாழ்ந்த தெருக்களில் நோயாளிகள், கர்ப்பிணிகள், தனியாக வாழும் முதியவர்கள் இருக்கும் வீடுகள் எவை? பக்கத்திலேயே மாடியுள்ள பள்ளிக்கூடம், பள்ளிவாசல், மண்டபம் எவை? முஸ்லிம் வீடு, இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பிரிக்காமல் தெரு வரிசையில் எழுதுங்கள். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி படகு வைத்திருப்பவரிடம் இருக்கட்டும், ஒரு பிரதி சமையல் பொறுப்பாளரிடம் இருக்கட்டும். செல்போனில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மின்சாரம் போன இரண்டாம் நாள் அது உதவாது. காகிதத்தில் எழுதி, தாளோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாடியில் வையுங்கள்.